தகடும் வெளிச்சமும்: பழைய நிலக்காட்சி ஓவியங்களை அலுமினியத்தில் அச்சிடுவது பற்றி

நிலக்காட்சி ஓவியம் ஒன்றை அலுமினியத் தகட்டில் அச்சிட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன் என்று சொன்னால், ஓவியம் தெரிந்த நண்பர்கள் சிலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. கித்தானில், அதாவது கேன்வாஸ் துணியில், வரைந்ததைக் கித்தானிலாவது அச்சிட வேண்டும், தகடு கடைப் பலகைக்கும் வண்டி நம்பருக்கும்தான் பொருந்தும் என்பது அவர்கள் எண்ணம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஐரோப்பாவின் மிக அழகான நிலக்காட்சிகளில் சில உலோகத்தின் மேலேயே வரையப்பட்டவை.

ஆடம் எல்ஸ்ஹைமர் ஒரு ஜெர்மானிய ஓவியர். ரோமில் வாழ்ந்தவர். 1610-இல், 32 வயதில், அங்கேயே இறந்துபோனார். இறப்பதற்கு முந்தைய ஆண்டு அவர் வரைந்த 'எகிப்துக்குத் தப்பிச் செல்லுதல்' இப்போது மியூனிக் நகரின் ஆல்ட்டே பினக்கோதெக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 31 சென்டிமீட்டர் உயரம், 41 சென்டிமீட்டர் அகலம். ஒரு பெரிய நோட்டுப் புத்தகத்தை விரித்து வைத்த அளவுதான். அதற்குள் ஒரு முழு இரவு. இடது பக்கம் மேய்ப்பர்கள் மூட்டிய தீ, அதிலிருந்து மேலே பறக்கும் பொறிகள். நடுவில் கழுதை மேல் மரியாளும் குழந்தையும், பக்கத்தில் யோசேப்பின் கையில் ஒரு சின்னப் பந்தம். வலது பக்கம் முழு நிலா, கீழே தண்ணீரில் அதே நிலா. மேலே குறுக்காகப் பால்வெளி, தனித்தனி நட்சத்திரப் புள்ளிகளாக. இத்தனையும் ஒரு செப்புத் தகட்டின் மேல் எண்ணெய்ச் சாயத்தில் வரைந்தது.

செம்பை அவர்கள் தேடிப் போனதற்குக் காரணம் உண்டு. துணிக்கு இழை இருக்கிறது, பலகைக்கு ரேகை இருக்கிறது. இரண்டுமே சாயத்திலுள்ள எண்ணெயைக் கொஞ்சம் குடிக்கும். செம்பு குடிக்காது. சாயம் மேலேயே நிற்பதால் நிறம் மங்காமல், ஈரமாக இருப்பதுபோலவே காய்கிறது. ஊசிமுனைத் தூரிகையால் வைத்த புள்ளியும் வைத்த இடத்திலேயே இருக்கும். ஆனால் வழவழப்பான உலோகத்தில் சாயம் ஒட்டாது. அதனால் நுரைக்கல் போன்ற எதையாவது வைத்துத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, பூண்டுச் சாறு தடவி, மெல்லியதாக ஈயவெள்ளை பூசி, அதன் மேல்தான் வரைவார்கள். யான் ப்ரூகல், பால் பிரில் எல்லோரும் இப்படி வரைந்தவர்கள். அந்தப் படங்களில் பல நானூறு ஆண்டு கழித்தும் நேற்று வரைந்தவை போல இருக்கின்றன.

இன்னொரு செய்தியும் எனக்கு மிகவும் பிடிக்கும். எல்ஸ்ஹைமரின் அந்த இரவுப் படத்தை ஹெண்ட்ரிக் கௌட் என்பவர் 1613-இல் செப்புத் தகட்டில் கோடு கோடாகச் செதுக்கி, மை தடவிக் காகிதத்தில் அச்செடுத்தார். எல்ஸ்ஹைமர் புகழ் ஐரோப்பா முழுக்கப் பரவியதில் கௌட்டின் அச்சுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அசல் படத்தைப் பார்த்தேயிராத ஓவியர்கள் அச்சைப் பார்த்து இரவை வரையக் கற்றார்கள். கௌட் செதுக்கிய இன்னொரு எல்ஸ்ஹைமர் படம், தோபியாவும் தேவதையும் என்ற பைபிள் கதைக் காட்சி. அதை ஒட்டி டச்சு ஓவியர் ஹெர்குலஸ் ஸேகர்ஸ் ஒரு தகடு செய்தார். அந்தத் தகடு பிறகு ரெம்பிராண்டின் கைக்கு வந்தது. அவர் தோபியாவையும் தேவதையையும் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எகிப்துக்குப் போகும் குடும்பத்தை வரைந்தார். நிலத்தைப் பெரும்பாலும் அப்படியே விட்டார். தேவதையின் சிறகு அச்சில் இன்றும் மரங்களுக்கிடையே லேசாகத் தெரிகிறது. நிலக்காட்சிக்கும் தகட்டுக்கும் உள்ள உறவு அவ்வளவு பழையது. நாம் அலுமினியத்தில் செய்வது அதே வரிசையில் வருகிறது என்றுதான் நான் நம்புகிறேன்.

ஆனால் எல்லாப் படமும் தகட்டுக்கு ஒத்துவராது. இதில்தான் எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. ஒரு படத்தைத் தகட்டில் போடலாமா என்று யோசிக்கும்போது நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அந்த ஓவியர் வெளிச்சத்தை எப்படி உண்டாக்கினார்? மெல்லிய பூச்சுகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றி, அடியிலிருந்து வெளிச்சம் வரும்படி செய்திருந்தால் தகடு அந்தப் படத்துக்குத் துணை நிற்கும். தடித்த சாயத்தை அள்ளி வைத்து, அதன் மேட்டிலும் பள்ளத்திலும் அறை வெளிச்சம் பட்டுத் தெறிக்கும்படி செய்திருந்தால் தகடு அதைக் கெடுக்கும்.

இது ஏன் என்று புரிய, அச்சு எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும். கல்யாண வீட்டிலும் பிறந்தநாளிலும் கோப்பையில் போட்டோ போட்டுத் தருகிறார்களே, அதே சப்ளிமேஷன் முறைதான். பள்ளிப் பாடத்தில் பதங்கமாதல் என்று படித்திருப்போம். கற்பூரத்தைத் திறந்து வைத்தால் உருகி ஓடாமலே காற்றில் கரைந்துபோகிறதல்லவா, அதுபோல இந்தச் சாயமும் சூட்டில் திரவமாகாமல் நேராக ஆவியாகும். படத்தை முதலில் இடவலம் மாற்றி ஒரு தாளில் அச்சிடுகிறார்கள். அந்தத் தாளை அலுமினியத் தகட்டின் மேல் கவிழ்த்து, சூடேற்றி அழுத்தும் இயந்திரத்தில் சுமார் 200 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடமோ கொஞ்சம் கூடவோ அழுத்துகிறார்கள். தகட்டின் மேல் ஏற்கெனவே பாலியஸ்டர் வகைப் பூச்சு ஒன்று இருக்கும். சூட்டில் அது இளகி ஆவிச் சாயத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும். ஆறியதும் சாயம் பூச்சுக்குள்ளேயே சிறைப்படும். ஆக, நிறம் தகட்டின் மேல்பரப்பில் இல்லை. கண்ணாடி போன்ற படலத்துக்குள் இருக்கிறது. வெளிச்சம் அந்தப் படலத்தின் வழியாகப் போய், அடியில் பட்டுத் திரும்பி, மறுபடி நிறத்தைக் கடந்து நம் கண்ணுக்கு வருகிறது. பழைய ஓவியர்கள் ஈயவெள்ளைக்கு மேல் மெல்லிய சாயப் பூச்சுகளை ஏற்றியதும் இதற்காகத்தான்.

அலுமினியத்தில் யூவி அச்சு என்று இன்னொரு முறையும் உண்டு. அதில் மை தகட்டின் மேலேயே படிந்து புற ஊதா விளக்கில் காயும். பெரிய அளவுக்கும் பெயர்ப் பலகைக்கும் நல்லது. எனக்கு அதில் அந்த ஆழம் கிடைக்கவில்லை.

சரி, எந்தப் படம்? முதல்முறை செய்கிறவர்களுக்கு நான் சொல்வது அமெரிக்க ஓவியர் ஜான் ஃபிரெடரிக் கென்செட் வரைந்த 'ஈட்டன்ஸ் நெக், லாங் ஐலண்ட்'. 1872-இல், அவர் வாழ்க்கையின் கடைசி ஆண்டில் வரைந்தது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வளைந்து போகும் மணற்கரை, அதை ஒட்டிப் புதர் அடர்ந்த மேடு, மற்றதெல்லாம் கடலும் வானமும். படத்தில் பெரும்பகுதி வெறுமைதான். அசலின் அளவு 45.7 × 91.4 சென்டிமீட்டர், அதாவது சரியாக 18 × 36 அங்குலம். நம் வீட்டுச் சோபாவுக்கு மேலே அசல் அளவிலேயே மாட்டலாம். இந்த வாய்ப்பு அபூர்வமானது. பெரும்பாலான புகழ்பெற்ற நிலக்காட்சிகளை நாம் சுருக்கித்தான் அச்சிடுகிறோம். சுருக்கும்போது ஓவியர் கணக்குப் போட்டு வைத்த தூரம் மாறிவிடுகிறது. கென்செட் படத்தில் அவர் எந்த அளவில் வானத்தைத் திறந்து வைத்தாரோ அதே அளவில் நம் சுவரிலும் இருக்கும்.

அதே அருங்காட்சியகத்தில் இன்னொரு அமெரிக்கர் மார்ட்டின் ஜான்சன் ஹீட் 1859-இல் வரைந்த 'நெருங்கிவரும் இடிமழை' இருக்கிறது. தகட்டுக்கென்றே வரைந்ததுபோல இருக்கும் படம். வானமும் விரிகுடாவும் கிட்டத்தட்ட கறுப்பு. கரை மட்டும் புயலுக்கு முன் வரும் அந்த விநோதமான வெளிச்சத்தில் பளிச்சென்று இருக்கிறது. கரையில் ஒருவர் நாயோடு உட்கார்ந்து வரப்போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். காகிதத்தில் இந்தக் கறுப்பு சாம்பலாகச் செத்துப்போகும். கித்தான் அச்சில் இழைகள் அதைப் புள்ளி புள்ளியாக உடைக்கும். வெள்ளை அடித்தளம் போட்ட பளபளப்பான தகட்டில் மட்டும்தான் அந்தத் தண்ணீர் தண்ணீராகவே கறுத்து நிற்பதைப் பார்த்தேன். கறுப்புக்குள் இன்னொரு கறுப்பு தெரிகிறது. வடகிழக்குப் பருவமழை சமயத்தில் வானம் இருட்டிக்கொண்டு வரும்போது கடற்கரையில் நின்றவர்களுக்கு இந்தப் படத்தை விளக்கிச் சொல்லவே வேண்டாம்.

அமெரிக்க ஓவியர் ஃபிரெடரிக் எட்வின் சர்ச் அதே 1859-இல் வரைந்த 'ஆண்டீஸின் இதயம்' மூன்று மீட்டருக்கு மேல் அகலமானது. நியூயார்க்கில் இருட்டாக்கிய அறையில் அந்த ஒற்றைப் படத்தை மட்டும் வைத்து, ஆளுக்கு 25 சென்ட் கட்டணம் வாங்கிக் காட்டினார்கள். சில வாரங்களில் 12,000-க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். நாடகம் பார்க்கும் தொலைநோக்கிக் கண்ணாடியைக் கையோடு கொண்டுவந்து இலை இலையாகப் பார்த்தார்களாம். சர்ச் தூரிகைத் தடமே தெரியாமல் வரைகிறவர் என்பதால் தகடு அவருக்கு நன்றாகவே பொருந்தும். ஆனால் 90 சென்டிமீட்டருக்குச் சுருக்கினால் படத்தில் ஒரு சிலுவைக்கு முன்னால் இருக்கும் இரண்டு மனிதர்கள் எறும்பு அளவாகிவிடுவார்கள். இடப்பக்க மரத்தின் அடிப்பட்டையில் சர்ச் தன் பெயரை வெட்டியதுபோல எழுதியிருக்கிறார். அச்சில் அந்த எழுத்து வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் அச்சுக்குக் கொடுத்த ஃபைலின் தெளிவு போதாது.

இனி வெள்ளைப் பூச்சு இல்லாத தகடு. இதுதான் எனக்கு மிகவும் நெருக்கமானது. இந்த வகையில் அடியில் வெள்ளை கிடையாது. தேய்த்த அலுமினியத்தின் மேல் நேராக நிறமற்ற படலம். சப்ளிமேஷனில் வெள்ளைச் சாயம் என்று ஒன்று கிடையாது. ஆகவே படத்தில் எங்கெல்லாம் வெள்ளை இருக்கிறதோ அங்கெல்லாம் வெறும் உலோகம் தெரியும். பகல் வெளிச்சப் படத்துக்கு இது ஆகாது. மேகமெல்லாம் ஈயம்போல ஆகிவிடும். இரவுப் படத்துக்கு? ஆங்கில ஓவியர் டர்னர் 1835-இல் வரைந்த, நிலவொளியில் நிலக்கரி ஏற்றும் படகோட்டிகளின் படம் வாஷிங்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. இங்கிலாந்தின் டைன் ஆறு. நடுவில் நிலாவும் அதன் ஒளி விழுந்த நீரும். வலப்பக்கம் பந்த வெளிச்சத்தில் கறுத்த மனிதர்கள் படகிலிருந்து கப்பலுக்குக் கரியைத் தூக்கிப் போடுகிறார்கள். இதை வெள்ளையில்லாத தகட்டில் போட்டால் நிலா அலுமினியமாகவே ஆகிவிடுகிறது. அறைக்குள் நடந்தால் அது கூடிக் குறைகிறது. பந்தத்தின் ஆரஞ்சு நிறம் உலோகத்தின் மேல் படிந்து காய்ச்சிய செம்புபோல எரிகிறது. டர்னர் நிலாவைச் சுற்றித் தடித்த வெள்ளையை வைத்துத்தான் அந்த ஒளியை உண்டாக்கினார்; அந்த மேடு அச்சில் வராது. அதை இழந்துதான் இதைப் பெறுகிறோம். இந்த ஒரு படத்தில் அந்த இழப்பை நான் மனதார ஏற்றுக்கொள்கிறேன்.

வான் கோ படத்தில் ஏற்க மாட்டேன். 'சைப்ரஸ் மரங்களுடன் கோதுமை வயல்', 1889. தகட்டில் அதிகம் விற்கும் வகைப் படங்களில் இவரும் மோனேயும்தான் முன்னே நிற்கிறார்கள் என்று கடைகளைப் பார்த்தால் தோன்றுகிறது. அந்த வயலில் கோதுமையும் மேகமும் சாய மேடுகளாக எழுந்து நிற்கின்றன. அசலை விளக்கு வைத்துப் படம் எடுக்கும்போது ஒவ்வொரு மேட்டின் ஒரு பக்கத்தில் ஒளியும் மறுபக்கத்தில் சிறு நிழலும் பதிவாகும். தகட்டில் அந்த ஒளியும் நிழலும் வெறும் நிறமாக உறைந்துவிடும். நம் வீட்டில் ஜன்னல் வலப்பக்கம் இருக்க, படத்திலுள்ள மேடுகளுக்கு இடப்பக்கத்திலிருந்து வெளிச்சம் வரும். கண்ணுக்கு உடனே பிடிபடாது, ஆனால் ஏதோ பொய்யாக இருப்பது தெரிந்துகொண்டே இருக்கும். பரப்போ வழவழவென்று இருக்கும். தூரிகை பிடித்த கையின் வேகம்தான் அந்தப் படம். அதை வழித்துத் துடைத்துவிட்டு மீதியை மாட்டிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஃபைல் விஷயம். மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 பிப்ரவரியில் தன்னிடமுள்ள பதிப்புரிமை காலாவதியான படைப்புகளின் சுமார் 3,75,000 படங்களை எந்த நிபந்தனையும் இல்லாமல் திறந்துவிட்டது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியமும் வாஷிங்டன் நேஷனல் கேலரியும் அதற்கு முன்பே, 2012 முதல், திறந்துவிட்டிருந்தன. வேறு சில இடங்களில் சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று எழுதியிருக்கும். அதை மதிக்க வேண்டும். கூகுளில் தேடி முதலில் வருவதை எடுக்காதீர்கள். டச்சு ஓவியர் வெர்மீரின் 'பால் ஊற்றும் பெண்' படத்துக்கு இணையத்தில் மஞ்சள் பூத்த நகல்கள் எக்கச்சக்கமாகப் பரவி, அருங்காட்சியகத்தில் விற்ற சரியான நிற அட்டையைப் பார்த்து 'இது தப்பு' என்று மக்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். ரைக்ஸ் மியூசியம் தன் படங்களைத் திறந்துவிட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

அங்குலத்துக்கு 150 பிக்சலுக்குக் குறையாமல் இருக்கட்டும். கென்செட்டுக்கு 36 அங்குலம் என்றால் நீளவாக்கில் 5,400 பிக்சல். கையில் 3,600-தான் இருக்கிறதென்றால் 24 அங்குலத்தில் போடுங்கள். மென்பொருளை வைத்துப் பெருக்கினால் அது இல்லாத இலைகளை வரைந்து சேர்க்கும்.

நிறத்தைத் திருத்தவும் கூடாது. 17-ஆம் நூற்றாண்டு டச்சு நிலக்காட்சிகள் பலவற்றில் மரங்கள் நீலம் பாரித்து இருக்கும். பச்சைக்காகக் கலந்த தாவர மஞ்சள் காலப்போக்கில் வெளுத்து, நீலம் மட்டும் தங்கியதால் வந்தது அது. ஒரு பட்டனைத் தட்டிப் பச்சையாக்கிவிடலாம்தான். அந்த முந்நூற்றைம்பது ஆண்டும் படத்தின் ஒரு பகுதி என்று நினைக்கிறவன் நான்.

அச்சிடும் இடத்தில் இதற்கெல்லாம் கொஞ்சம் பேச வேண்டியிருக்கும். "சார், கலர் கொஞ்சம் தூக்கிக் குடுக்கட்டுமா? தகட்டுல சும்மா நச்சுன்னு நிக்கும்" என்பார் கணினியில் உட்கார்ந்திருக்கும் தம்பி. அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். அவரிடம் வருகிற கல்யாணப் படங்களுக்கு அது தேவை. "வேண்டாம் தம்பி, இருக்கிறபடியே போடுங்க. முதல்ல படத்துல ரொம்ப இருட்டா இருக்கிற இடத்தை மட்டும் ஒரு சின்னத் துண்டுல போட்டுக் காட்டுங்க" என்று கேட்டுக்கொள்ளுங்கள். திரையில் தெரிகிற இருட்டு தகட்டில் இன்னும் கூடும். 'நெருங்கிவரும் இடிமழை' படத்தில் அந்தத் துண்டைப் பார்க்காமல் முழுத் தகட்டுக்குப் போகவே கூடாது.

இன்னொரு சண்டை ஓரத்துக்காக. கடைகளில் 12 × 18, 24 × 36 என்று அளவுகள் வைத்திருப்பார்கள். 'நெருங்கிவரும் இடிமழை' படத்தின் அசல் 71.1 × 111.8 சென்டிமீட்டர், அந்த விகிதத்தைவிடக் கொஞ்சம் நீளம். நிரப்பி அச்சிட்டால் பக்கவாட்டில் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் போய்விடும். இழுத்து நிரப்பினால் அடிவானமே கெட்டுப்போகும். 36 அங்குல அகலத்தை வைத்துக்கொண்டு மேலும் கீழும் அரை அங்குலத்துக்குச் சற்று மேல் விட்டால் முழுப் படமும் வந்துவிடும். அந்த மிச்சத்தை வெட்டித் தரச் சொன்னால் இன்னும் நல்லது. அலுமினியத்தை வெட்டுவது பெரிய வேலையில்லை.

மாட்டும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பளபளப்புத் தகட்டுக்கு எதிரே ஜன்னல் இருந்தால் படத்துக்குப் பதில் ஜன்னலைத்தான் பார்ப்பீர்கள். டியூப்லைட்டும் அப்படியே, வானத்தின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடாக விழும். பக்கச் சுவர் நல்லது, மேலிருந்து சாய்வாக விழும் மஞ்சள் கலந்த விளக்கு அதைவிட நல்லது. நேர் வெயில் பட்டால் இந்தச் சாயமும் மெல்ல வெளுக்கும். மற்றபடி கடற்கரை ஊர்களின் ஈரத்தில் காகிதம் நெளிந்து பூஞ்சை பிடிக்கிறது, கித்தான் தொய்கிறது. தகட்டை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

பளபளப்பைப் பற்றியே பேசிவிட்டேன். பளபளப்பில்லாத மேட் தகட்டுக்கென்று நான் ஆசையாக வைத்திருக்கும் படங்கள் நம் பக்கத்துப் படங்கள். ஆங்கில ஓவியர்கள் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியலும் 1792-இல் தமிழ்நாட்டுக்குள் பயணம் செய்தார்கள். திருநெல்வேலிச் சீமையில் பாபநாசம் அருவியை வரைந்தார்கள், களக்காட்டுப் பக்கமிருந்து குமரி முனை மலைகளை வரைந்தார்கள். ஊர் திரும்பி, 1795 முதல் 1808 வரை லண்டனில் 144 அச்சுகளாக 'ஓரியண்டல் சீனரி' என்ற வரிசையை வெளியிட்டார்கள். அவை அக்வாடின்ட் அச்சுகள். செப்புத் தகட்டின் மேல் பிசின் பொடியைத் தூவி, சூடேற்றி ஒட்ட வைத்து, அமிலத்தில் அரிக்க விடுவார்கள். பொடியின் இடுக்குகளில் மட்டும் அமிலம் அரிப்பதால் கோடில்லாமல் நீர்வண்ணம் போன்ற மென்மையான நிழல் கிடைக்கும். அச்சான பிறகு கையால் நிறம் ஏற்றுவார்கள். இங்கும் சூடு, இங்கும் பூச்சு, இங்கும் தகடு.

இந்தப் படங்களைப் பளபளப்பில் போட்டால் அருவி பிளாஸ்டிக்காகிவிடுகிறது. அவற்றின் வெளிச்சம் காகிதத்தின் வெளிச்சம். வெள்ளை அடித்தளமுள்ள மேட் தகட்டில், காகிதத்தின் பழுத்த நிறத்தை வெள்ளையாக்காமல், பிசின் பொடியின் நுண்புள்ளிகள் கெடாத அளவு தெளிவான ஸ்கேனிலிருந்து போட வேண்டும். பாபநாசத்துக்கு அப்படி ஒன்று எனக்குக் கிடைத்தது. தாமிரபரணி பாறைகளுக்கிடையே விழும் அந்த இடத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் வீட்டுக்கு வந்தால் அந்தச் சுவர்ப் பக்கம் போய் நின்றுவிடுகிறார்கள். களக்காட்டுப் படத்துக்கு நல்ல ஸ்கேன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். உங்களில் யாருக்காவது அச்சிடத் தகுந்த தெளிவில், உரிமச் சிக்கல் இல்லாமல் அது எங்கே கிடைக்கும் என்று தெரிந்தால் சொல்லுங்கள்.